சித்தேரி மலையில் ஒரு ரவுட்டரும் செல்வியின் நேர்காணலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சித்தேரி மலைக்குப் போனேன். அங்குள்ள மகளிர் குழு புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு இணையம் கொண்டுபோக வேண்டியிருந்தது. சேலத்தில் நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வேலை முடிந்தால் மலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையும் இருந்தது.

தருமபுரியிலிருந்து அரூர் சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து சித்தேரி இன்னும் இருபத்தைந்து, பாதி தூரம் வளைவுகள்தான். பைக்கில் போகிறவர்கள் அரூரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கட்டடத்து வாசலில் செல்வி காத்திருந்தார். நர்சிங் முடித்தவர். அன்று இரண்டு மணிக்கு பெங்களூர் மருத்துவமனை ஒன்று அவரை வீடியோவில் நேர்காணல் செய்வதாக இருந்தது. ஊரில் செல்போன் சிக்னல் நிற்பதில்லை.

"மத்தியான பஸ்ல அரூர்ல சித்தி வூட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேங்கண்ணா. இங்கயே நெட்டு வந்துருங்களா?"

"வந்துரும்ங்க. எதுக்கு அலையறீங்க?" என்றேன்.

இணையம் முதலில் சற்று மேலே உள்ள குழுவின் பழைய கட்டடத்து ரவுட்டருக்கு வருகிறது. கீழே புதுக் கட்டடத்தில் நான் வைத்த ரவுட்டரில் கேபிள் செருகும் ஒரு போர்ட் அதற்கு, இன்னொன்று இங்குள்ள கணினிகளுக்கு. இரண்டுக்கும் தனித்தனி ஐபி முகவரி கொடுத்து, வெளியே போகும் வழியாக மேல் ரவுட்டரைக் காட்டினேன். இணையம் எட்டுகிறதா என்று பார்க்க என் ரவுட்டரிலிருந்தே பிங் என்ற சோதனைக் கேள்வியை அனுப்பினேன். பதில் வந்தது. செல்வியின் லேப்டாப் அவர் வீட்டில் இருந்தது. "ரெடிங்க" என்று சொல்லி அதை எடுத்துவர அவரை அனுப்பிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பினேன். அழகான இடம்தான். எடுத்த படங்களைத் திறக்க இன்னும் மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது மூன்று மணி இருக்கும். செல்வி லேப்டாப்பை மூடி மடியில் வைத்திருந்தார்.

"பக்கம் தொறக்காம சுத்திக்கிட்டே இருந்துச்சுங்கண்ணா. போன் பண்ணலாம்னா சிக்னலும் இல்லீங்க."

மேல் ரவுட்டருக்கு என் ரவுட்டரைத் தெரியும். அதன் பின்னாலிருக்கும் லேப்டாப்பின் முகவரி வரிசை தெரியாது. லேப்டாப்பிலிருந்து வெளியே போன கேள்விக்குப் பதில் திரும்பி வர வழியில்லை. அந்த வரிசைக்கு என் ரவுட்டர் வழியாகப் போ என்று மேல் ரவுட்டரில் ஒரே ஒரு ரூட் சேர்த்தேன். உடனே எல்லாம் திறந்தது.

"இப்ப வருதுங்க" என்றார் செல்வி. பக்கத்தில் நின்ற அவர் அம்மா, "நீங்க சொன்னதாலதாங்க பஸ்ஸ வுட்டுட்டா" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து மருத்துவமனைக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். இடம் நிரம்பிவிட்டது என்று திங்கட்கிழமை பதில் வந்தது.

இதுபோன்ற வேலைக்கு மலையேறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரவுட்டருக்கு வரும் பதிலை நம்பாதீர்கள். இணைப்பு யாருக்காகவோ, அவருடைய கணினியில் ஒரு பக்கம் திறப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு ஊர் சுற்றலாம்.

போன வாரம் அந்த இணைப்பிலிருந்தே செல்வி கூப்பிட்டார். சேலத்தில் எங்காவது நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.