ரோஸியின் கடுவன் குட்டிகள்

இந்தத் தொழிலில் நோயாளி கடிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கூட வருகிறவர் ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்திருப்பார், அதுதான் கஷ்டம். ஆனையூரில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். நாய் வளர்த்து, அதற்காக யாரிடமாவது பேச்சு வாங்கிய உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

ஊசி போட்ட இடம்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அருள்ராஜ் சார், மிஷன் பள்ளி ஆசிரியர், நான்கு மாத அல்சேஷன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர் டைகர். முந்தின நாள் நான் தடுப்பூசி போட்ட தொடையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தேன். அரை மணி நேரமாகியும் உறையவில்லை.

பிறவிக் கோளாறு, தாய்வழி வருவது என்றேன். தாய்க்கு ஒன்றும் செய்யாது. ஆண் குட்டிகளில், அதாவது கடுவன்களில், ஏறக்குறைய பாதிக்கு ரத்தம் நிற்காது. பெண் குட்டிகளில் பாதி, தாயைப் போலவே அதைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக ஓடித்திரியும். தாய், அவர் வீட்டு ரோஸி. முந்தைய ஈற்றுகளில் இரண்டு கடுவன்கள் பால்பல் விழும்போது ரத்தம் நிற்காமல் செத்ததை அவரே சொன்னார். சொல்லிவிட்டு யோசித்தார்.

"எங்க ரோஸிக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல டாக்டர். ஊசி போட்டது நீங்க."

சீசருக்கு ஒரு சான்றிதழ்

முருகேசன் ஆனையூரில் டெய்லர். அவருடைய சீசர்தான் டைகருக்கு அப்பன். குட்டி சாகும்போதெல்லாம் அருள்ராஜ் சார் அப்பனை மாற்றியிருக்கிறார். கடைசிப் பழி சீசர் மேல். இணை சேர்க்க இப்போது யாரும் வருவதில்லை என்று முருகேசன் என்னிடம் வந்து குறைப்பட்டார். கடுவன் குட்டிக்கு இந்தக் கோளாறு அப்பனிடமிருந்து வராது என்று நான் சொன்னதும் எழுந்து நின்றார்.

"அத அப்படியே லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சுக் குடுங்க டாக்டர். பிரேம் போட்டுக் கடையில மாட்டுறேன்."

கொடுத்தவர்

மறுவாரம் டைகர் கதவில் இடித்துக்கொண்டு, முழங்கால் வீங்கி, ஈறு வெளுத்துப்போய் வந்தது. ரத்தம் ஏற்றாவிட்டால் சாயங்காலம் வரை தாங்காது. நாய் ரத்தம் கடையில் கிடைப்பதில்லை. திடமான பெரிய நாய் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். போன் செய்ததும் முருகேசன் சீசரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதன் கழுத்தில் நான் ஊசியை ஏற்றும்போது, தலையைப் பிடித்துக்கொண்டு, அருள்ராஜ் சாரைப் பார்க்காமலே சொன்னார்.

"ஊரெல்லாம் எங்க ரத்தம் கெட்ட ரத்தம்னீங்களே சார். இப்ப எம்புட்டு வேணும்?"

சம்பந்தி வீடு

டைகர் பிழைத்தது. ரோஸிக்குக் கருத்தடை ஆபரேஷனுக்கும் அருள்ராஜ் சார் சம்மதித்தார். பெண் குட்டிகள் எங்கே என்று கேட்டேன். மூன்று முறை வந்துபோன பிறகுதான் பதில் வந்தது. முதல் ஈற்றுப் பெண் குட்டி ஒன்றை, மகளைக் கட்டிக்கொடுத்த டி. கல்லுப்பட்டி வீட்டுக்குச் சீரோடு கொடுத்திருக்கிறார். அதுவும் குட்டி போடாமல் தடுக்க வேண்டும். "குடுத்த குட்டியில பழுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? பொண்ணும் அங்கதான இருக்கு" என்றார்.

அவரை எதிரே உட்காரவைத்து, ஸ்பீக்கரில் நானே பேசினேன். சம்பந்தி தோட்டத்தில் இருந்தார். முழுக்கக் கேட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பேசினார்.

"அதான் விசயமா டாக்டர். போன வருசம் எங்க பொட்டை போட்டதுல மூணு கடுவன் ரத்தம் நிக்காமச் செத்துப்போச்சு. சம்பந்தி குடுத்ததாச்சே, மனசு சங்கடப்படுமேன்னு வாயத் தொறக்கல. பொட்டைக் குட்டி ரெண்டும் நல்லா இருக்கவும் சொந்தத்துலயே குடுத்துட்டோம்."

தாய்வழி வருவதை ஓர் ஆபரேஷனில் நிறுத்திவிடலாம். சம்பந்தி மரியாதை வழியாகப் பரவுவதற்கு எங்கள் படிப்பில் மருந்து சொல்லித்தரவில்லை.