படிவத்தில் மறைத்த காயம்

மனைவியை டென்மார்க்குக் கூப்பிட விண்ணப்பித்து இரண்டு வருஷமாகியும் பதில் இல்லை. அந்தத் தவிப்போடு ஹோர்சன்ஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி தூக்கி, முதுகு பிடித்துவிட்டது. தாய்லாந்து மசாஜுக்குப் போனேன். எண்ணெய் பூசுவார்கள் என்று நினைத்தால், தொளதொள உடுப்போடு தரை மெத்தையில் படுக்க வேண்டுமாம்.

முதலில் ஒரு படிவம்: பழைய காயம் உண்டா? எழுதுவதெல்லாம் பொலிசுக்குப் போய், போர்க்காயம் என்று சந்தேகம் கிளப்பி, மனைவியின் விசாவைக் கெடுத்துவிடும் என்று பயந்து, 'இல்லை' என்று எழுதினேன்.

மசாஜ் செய்த பெண் முழங்காலால் அழுத்தியதும், ஊரில் போர்க்காலத்தில் பாய்ந்து முதுகுக்குள் கிடந்த ஷெல் துண்டு குத்தியது. அலறினேன். கால்கள் மரத்துப்போய்ப் பத்து நிமிஷம் அசையவில்லை.

"ஏன் ஒளிச்சனீங்கள்? இந்தத் தாள் என்ர மேசை லாச்சியைத் தாண்டி வெளியில போகாது!" என்று டெனிஷில் ஏசினா.

இப்போது மசாஜுக்கோ டொக்டரிடமோ போனால், கேட்குமுன்பே காயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கும் எழுதிப்போட்டேன். அவவுக்கும் அதுவரை தெரியாது.