நிரூபணம் கேட்ட கணக்கு டீச்சர்

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் ஒரு மருத்துவமனையில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். இதய வால்வில் லேசான கசிவு இருந்த ஒரு கணக்கு டீச்சர், மயிலாப்பூரிலிருந்து வருடந்தோறும் எக்கோ எடுக்க வருவார்.

"வருஷா வருஷம் எடுக்கணும்னு யார் நிரூபிச்சா, டாக்டர்?" என்று ஒருமுறை கேட்டார்.

மருத்துவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆதாரம் என்ற இடத்தில், 'நிபுணர்களின் ஒருமித்த கருத்து' என்று மட்டும் போட்டிருந்தது. இதை நம்பியா இத்தனை பேரை வரவழைக்கிறோம் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

"யாரும் சோதிச்சுப் பாக்கலை, டீச்சர். பெரிய டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு பண்ணியிருக்காங்க."

"என் பசங்க இப்படி எழுதினா முட்டைதான் போடுவேன்," என்றார்.

சொல்லிவிட்டு, வழக்கம்போல் நான் சொல்லாமலே பரிசோதனைக் கட்டிலில், எக்கோவுக்கு வாகாக இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

"எடுங்கோ. நிரூபணம் இல்லேன்னாலும் பயம் இருக்கே."