மைசூர் பஸ்ஸில் அம்மாவுக்கு ஒரு ஜன்னல்

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே இருக்காது. அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸ். தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறையிலாவது நாங்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. சேலத்திலிருந்து அம்மா வழி ஆட்கள் வருவார்கள். திருப்போரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா வழி ஆட்கள் வருவார்கள். பெட்டியைக் கீழே வைத்ததும், "கோயிலுக்கு எப்போ போறோம்?" என்பார்கள்.

கூட்டிக்கொண்டு போவது அம்மாதான். அப்பா லீவைச் சேர்த்து வைப்பதில் குறியாக இருப்பவர். அம்மா விடிவதற்குள் புளியோதரை கட்டி, தண்ணீர் கேன் நிரப்பி, எல்லாரையும் பஸ் ஏற்றி, ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைக் கல், கடற்கரைக் கோயில் என்று வரிசையாகக் காட்டுவாள். காட்டுவது என்றால் வாசல் வரைக்கும். உள்ளே நூறு தடவை பார்த்தாயிற்று. வந்தவர்கள் அலையில் கால் நனைக்க ஓடும்போது செருப்புகளையெல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்த்துவைத்து, பைகளை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவாள். "குடுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க." திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்திலும் இதே வசனம்தான். யாரும் மறுத்துச் சொன்னதில்லை. நாங்களும்தான்.

ஒருமுறை, விருந்தாளிகளை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "ஒரு ஊருக்காவது நான் விருந்தாளியா போகணும். ஒருத்தர் எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் காட்டணும். நான் ஜன்னல் ஓரமா உக்காந்து உம் கொட்டிக்கிட்டே வரணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆபீஸில் லீவும் டிக்கெட் செலவும் தரும் எல்.டி.சி.யை அந்த வருடம் எடுத்தே தீருவது என்று அவர் முடிவு செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஊர் எது என்பதில் சண்டையே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. மாதங்கள் எல்லாம் கிழிந்துபோய்ப் படம் மட்டும் மிச்சம். மைசூர் அரண்மனையின் தர்பார் மண்டபம். வரிசையாகத் தூண்கள், அவற்றுக்கு நடுவே யாருமே இல்லாத நீளமான தரை. அம்மா கூட்டிப் பெருக்கும்போது அதன் எதிரே விளக்குமாற்றோடு ஒரு நிமிடம் நிற்பாள். "இத யார் பெருக்குவாங்களோ" என்பாள்.

அந்தப் பயணம் போவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ரயிலுக்கு அப்பா செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போய் கியூவில் நின்றார். ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸுக்கு இங்கிருந்தே சீட்டுப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய கௌரவப் பிரச்சினை. எஸ்.டி.டி. பூத்துக்குள் புகுந்து, மைசூரில் ஏதோ ஒரு டூர் கம்பெனிக்காரரிடம், "முன் சீட்டு! ஃப்ரண்ட்! ஜன்னல்! லேடீஸ்!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. முன்பணத்தை மணியார்டர் செய்துவிட்டுத் தினமும் தபால்காரரை வழிமறித்தார். சீட்டு நம்பர் எழுதிய கார்டு வந்த அன்று கேசரி கிண்டினோம்.

அதற்கு மறுநாள் கிராமத்திலிருந்து தாத்தா, அப்பாவின் அப்பா, வந்து சேர்ந்தார். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார். அப்பா கூடத்தில் நாற்காலிகளை பஸ் மாதிரி வரிசையாகப் போட்டு யார் எங்கே உட்கார்வது என்று ஒத்திகையே பார்த்தார். தாத்தாவுக்கு வெற்றிலை போட்டால் துப்ப ஜன்னல் வேண்டும். அப்பா சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"எனுக்கு எதுக்குடா ஜன்னலு? ஒரு நாளு வெத்தல போடலன்னா செத்தா பூடுவேன்? மருமவ குந்தட்டும்" என்றார் தாத்தா.

அம்மா முன் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஜன்னல் வழியாகச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். வாழ்நாளில் எந்தச் சாயங்காலமாவது திரும்பக் கிடைக்கும் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

மைசூரில் எல்லாமே ஒழுங்காக நடந்தது. சீட்டு சொன்னபடியே இருந்தது. கைடு, மீசை வைத்த ஒல்லி மனிதர், தமிழும் கன்னடமும் கலந்து மைக்கில் பேசினார். மார்க்கெட்டைக் காட்டினார், மணிக்கூண்டைக் காட்டினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். அந்த மனிதர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மைக்குக்கு யாரும் பதில் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார்.

பிறகு அரண்மனை. செருப்பில்லாமல்தான் உள்ளே போக வேண்டும். செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கும் இடத்தில் நல்ல கூட்டம். தாத்தா தன் புதுச் செருப்பைப் பார்த்தார், அங்கே மலைபோல் குவிந்திருந்ததைப் பார்த்தார். "இதுல உட்டா இன்னா கதி ஆவறது? திரும்பி வருமா?" என்றார். கைடு வாசலில் நின்று கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குடுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

அம்மா சொல்லிவிட்டாள். நாங்களும் கொடுத்துவிட்டோம். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்தான். வருடக்கணக்காகப் பழகிய கையும் வாயும் தாமாகவே வேலையைப் பார்த்துவிட்டன. அம்மா பக்கத்திலிருந்த கல் மேடையில் பைகளோடு உட்கார்ந்தாள். நாங்கள் ஓடினோம்.

தர்பார் மண்டபத்தில், அந்தத் தூண்களுக்கு முன்னால், அப்பா மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "பாருடி, உன் காலண்டரு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே நானும் தாத்தாவும்தான் இருந்தோம்.

திரும்பப் போகலாம் என்றால் முடியவில்லை. கயிறு கட்டி ஒரே வழியாக விட்டிருந்தார்கள். பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வந்துகொண்டிருந்தது. நாங்கள் எதையும் பார்க்காமல் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கைடிடம் கெஞ்சினார். நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. "அவங்க பாக்கல சார். இதுக்காகத்தான் வந்தோம்." கைடும் நல்ல மனிதர்தான், ஆனால் மலைக்கோயிலும் பிருந்தாவனமும் பாக்கி இருந்தன, பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அம்மா செருப்புகளை அவரவர் காலடியில் போட்டாள். "விடுங்க. அடுத்த தடவை பாத்தாப் போச்சு" என்றாள். முகம் மட்டும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

மலை ஏறும் பஸ்ஸில் தாத்தாதான் முன்னால் சாய்ந்து ஆரம்பித்தார்.

"கேளும்மா. தூணு ஒண்ணொண்ணும் நம்மூட்டு வேப்பமரம் கணக்கா கீது. கட்டிப் புடிச்சா கை எட்டாது. தரை கீது பாரு, மூஞ்சி பாத்து தலை சீவலாம். ஒரு தூசி இல்ல. யாரு பெருக்கறானோ, மவராசன்."

அம்மா உம் என்றாள். பிறகு நான் யானைத் தந்தக் கதவைச் சொன்னேன், அப்பா வர்ணக் கண்ணாடிக் கூரையைச் சொன்னார். சரியாகப் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னோம். அம்மா ஜன்னலில் சாய்ந்து ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த தடவை வரவில்லை. அடுத்த எல்.டி.சி.யின்போது தாத்தா படுக்கையில் இருந்தார். அதற்கடுத்தது என் கல்யாணத்தில் போயிற்று. அப்பா ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டில் வீடு கட்டியபோது அம்மாவுக்கு முழங்கால் போயிருந்தது. ஆனால் வருகிறவர்களிடம் அரண்மனையைப் பற்றிச் சொல்வதை அவள் விடவில்லை. "தூணு ஒண்ணொண்ணும் வேப்பமரம் மாதிரி" என்பாள், தாத்தா சொன்ன அதே வரிசையில். நாங்கள் யாரும் காட்டிக்கொடுத்ததில்லை.

இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா இறந்ததற்கு அடுத்த வருடம், நான் மைசூருக்கு மறுபடி சீட்டுப் போட்டேன். எனக்கு அப்போது ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கத்த வேண்டாம், மணியார்டர் வேண்டாம். திரையில் பஸ் சின்னச் சின்னக் கட்டமாக வந்தது. யோசிக்காமல் முன் சீட்டு ஜன்னலோரத்தை அழுத்தினேன். அதற்கப்புறம்தான் யாருக்கு என்று தோன்றியது. அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதேன். அந்தச் சீட்டை மாற்றவில்லை. அதில் என் மகள் உட்கார்ந்து வந்தாள், பக்கத்தில் அப்பா.

அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றியதும் டோக்கன் கியூவைப் பார்த்தேன். அப்பா கையை நீட்டினார்.

"குடு. நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

"அப்பா, இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"நான்தான் உள்ள பாத்தவனாச்சே. போ."

அதே கல் மேடையா என்று எனக்கு நிச்சயமில்லை. அவருக்கு நிச்சயமாக இருந்தது. எங்கள் செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துவைத்து, பையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நானும் மகளும் நிதானமாகப் பார்த்தோம். தூண்கள் தாத்தா சொன்ன அளவுக்குப் பெரிதில்லை. வெளியே வந்தபோது அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போரடிச்சுதா?" என்றேன்.

"இல்ல. அவ அன்னிக்கு இங்க குந்திகினு இன்னாத்த பாத்துகினு இருந்தாளோன்னு ரொம்ப நாளா யோசன. இங்கேர்ந்து பாத்தா அரமன தெரியல. ஜனங்க வெளிய வர்ற வாசல்தான் தெரியுது." குனிந்து என் மகளின் செருப்பை அவள் காலடியில் போட்டார். "நம்மளத்தான் பாத்துகினு இருந்திருக்கா."

பஸ் ஹாரன் அடித்தது. நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தோம்.