ஏரித் தீவில் துவாதசி

தீவிலேயே பிறந்து தீவிலேயே வளர்ந்தவருக்கு இன்னொரு தீவின் மேல் என்ன ஆசை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் காவிரியும் கொள்ளிடமும் அப்பாவுக்குப் போதவில்லை.

லால்குடிக்கு வடக்கே, அக்கா வாழ்க்கைப்பட்ட ஊருக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தோம். முதல் நாள் ஏகாதசி. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா பாலும் பழமும் சாப்பிட்டார். அவருக்கு மட்டும் சாஸ்திரத்தில் எங்கேயாவது இடம் இருக்கும். இரவு ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் துவாதசி, காலையிலேயே விரதத்தை முடிக்க வேண்டும். விடிவதற்குள் அம்மா குளித்து, சாதமும் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் செய்து மூடி வைத்துவிட்டாள். பெருமாளுக்குக் காட்டிவிட்டு அப்பா சாப்பிட வேண்டும். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா உட்காருவாள். எங்கள் வீட்டில் அது மாறியதே இல்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சத்திரத்துச் சமையல்காரர், எதிரே இருந்த ஏரியின் நடுத்திட்டில் நாமம் போட்ட கல் ஒன்று கிடப்பதாகச் சொல்லித் தொலைத்தார். அப்பாவுக்கு அது உடனே மண்ணில் புதைந்த பெருமாளாகிவிட்டது. அங்கே சேவித்துவிட்டுத்தான் சாப்பாடு என்றார்.

சாப்பாட்டுத் தூக்குகளோடு பரிசலில் போனோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பிடித்திருந்தாள். திட்டில் கருவேல முள்ளும் கொக்கு எச்சமும்தான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாள்.

கல் கடைசியில் கிடைத்தது. மூன்று கோடுகள், கீழே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அப்பா கைகூப்பவில்லை, குனிந்து பாசியைச் சுரண்ட ஆரம்பித்தார். நாங்கள் தென்கலை, எங்கள் நாமத்துக்குக் கீழே பாதம் உண்டு, எதிர்க்கட்சியான வடகலைக்காரர்கள் நாமத்துக்குக் கிடையாது. பெருமாள் எந்தக் கட்சி என்று தெரியாமல் சேவிக்க முடியுமா? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அந்த அடையாளத்தைத் தினமும் பார்க்கிறவன். அது சர்க்கார் நட்ட சர்வே கல். கல் விழுந்து கிடந்ததில் அதன் அம்புக்குறி தலைகீழாகி நாமம் போலத் தெரிந்தது. அதைச் சொன்னேன். அப்பா அசரவில்லை. அப்படியானால் நிஜப் பெருமாள் பக்கத்தில்தான் எங்கேயாவது இருப்பார், இன்னொரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்.

அம்மா கிளம்பவில்லை. அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து இலையை விரித்தாள்.

"நீங்க தேடிண்டு வாங்கோ. எனக்குக் கண்ணை இருட்டிண்டு வரது. நான் சாப்பிடறேன்" என்றாள். குரல் உயரவில்லை.

ஸ்ரீரங்கம் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு சாப்பிட்டாள். அப்பா முள்ளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் நிமிரவில்லை, மறுபடியும் சாதம் போட்டுக்கொண்டாள். எப்போதும் பாத்திரத்தின் அடியை வழித்துச் சாப்பிடுகிறவள், அன்றுதான் முதல் பிடியைச் சாப்பிட்டாள்.

அப்பா திரும்பி வந்து, அவள் சாப்பிட்டு எழும்வரை உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மா அவருக்கு இலை போட்டாள். கீரை தீர்ந்துபோயிருந்தது. அப்பா கேட்கவில்லை.