மகளின் பொட்டு என் கன்னத்தில்

எலிக்குட்டிகளின் கண்ணைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எட்டு வருடமாக லண்டன் ஆய்வுகூடம் ஒன்றில் இதுதான் வேலை. எலிக்குட்டி பிறக்கும்போது கண் மூடியே இருக்கும். திறக்க இரண்டு வாரம் போல ஆகும். ஆனால் மூடிய இமைக்குப் பின்னால் விழித்திரை சும்மா கிடப்பதில்லை. அங்குள்ள நரம்புக் கலங்கள், அதாவது செல்கள், பார்க்க ஒன்றுமில்லாமலே துடிக்கும். ஒன்று துடிக்க அடுத்தது துடித்து, அது ஓர் அலையாக ஓடும். அப்படி ஒத்திகை பார்த்துத்தான் கண் மூளையோடு இணைப்பைச் சரிசெய்துகொள்கிறது. அந்த அலையை முதன்முதலாகத் திரையில் கண்ட அன்று நான் எழும்பி நின்று கைதட்டினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் தேநீரைக் குடித்தார்.

மனிதக் குழந்தை கண் திறந்து பிறக்கிறது என்பது உண்மை. அதற்காகக் கண்ணின் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். கூர்மையாகப் பார்க்கவேண்டிய கலங்கள் பிறந்த பிறகும் விழித்திரையின் நடுவை நோக்கி நெருங்கிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்காக, வருடக்கணக்காக. அதுவரை முகமெல்லாம் மங்கல். கறுப்பும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்புதான் பிடிபடும். இதை மாணவர்களுக்குப் படம் கீறி விளக்கியவள் நான்.

தெரிந்து என்ன பயன்? ஆறாவது வாரம் தொடங்கியும் என் மகள் என்னைப் பார்க்கவில்லை. யன்னல் சட்டத்தைப் பார்த்தாள். என் கணவருடைய தடித்த கறுப்பு மூக்குக்கண்ணாடியை மெய்மறந்து பார்த்தாள். அந்தக் கண்ணாடி மீது எனக்கு வந்த பொறாமையை வெளியில் சொல்ல ஏலாது. பகலில் சிரித்துச் சமாளித்தாலும், கண்ணில் ஏதும் கோளாறோ என்று இரவில் எழும்பி எழும்பிப் பிள்ளையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஹெல்த் விசிட்டர், வீட்டுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் தாதி, பிள்ளையைப் பார்ப்பதாக இருந்தது. அவர் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

செவ்வாய் காலை, இவருடைய அக்கா, என் மச்சாள், தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் வாங்கிய சாந்துக் குப்பியோடு வந்து இறங்கினார். பிள்ளையின் கன்னத்தில் ஐம்பது பென்ஸ் காசு அளவில் ஒரு கறுத்த பொட்டு வைத்தார்.

"கண்ணூறு பட்டிடும். நாலு பேர் பார்க்கிற பிள்ளை."

"நாலு பேரும் பார்க்கட்டும் மச்சாள். பிள்ளையெல்லோ ஒருத்தரையும் பார்க்குதில்லை," என்று வெடித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அதோடு அழுகையும் வந்தது. பிள்ளையை அள்ளி முகத்தோடு முகம் வைத்து அணைத்தேன். சாந்து காயவில்லை. பொட்டில் பாதி என் கன்னத்துக்கு ஏறிவிட்டது.

அவளைக் கொஞ்சம் விலத்திப் பிடித்தேன். பார்த்தாள்.

என் கன்னத்தைத்தான்! நான் வலப்பக்கம் சாய்ந்தேன். அவளுடைய கண்ணும் சாய்ந்தது. இடப்பக்கம் போனேன், அதுவும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சாளின் கையிலிருந்து குப்பியைப் பறித்து, மற்றக் கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, நாடியில் ஒன்று வைத்தேன். மச்சாளைச் சுற்றிப் பிள்ளையோடு ஆடினேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்த இவர் படியிலேயே நின்றுவிட்டார். "என்னப்பா, உமக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான்! பாருங்கோ, பிள்ளை பார்க்குது!"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. முகத்தில் இருப்பதை மறந்து நானே போய்க் கதவைத் திறந்தேன். ஹெல்த் விசிட்டர் என்னை ஒருமுறை பார்த்தார், வீட்டு இலக்கத்தை ஒருமுறை பார்த்தார். இன்று ஏதும் பண்டிகையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஓமென்று சொல்லிவிட்டேன். அவர் சிவப்புப் பந்தொன்றை எடுத்துப் பிள்ளைக்கு முன்னால் மெல்ல அசைத்தார். என் மகள் பந்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அறைக்குள் நான் நடந்த பக்கமெல்லாம் என் பொட்டுகளின் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனாள். அவர் சிரித்துவிட்டார். இந்த வயதுக்கு இது போதும், பார்வை நன்றாகத் தொடர்கிறது என்று எழுதிக்கொண்டார். அவரைக் கட்டிப்பிடித்தேன். அவருடைய தோளில் ஒரு பொட்டுப் பதிந்தது.

எல்லோரும் போனபின் முகம் கழுவினேன். கழுவும்போதே சந்தோசம் கொஞ்சம் இறங்கியது. அவள் பார்த்தது சாந்தைத்தானே, என்னை இல்லையே என்று தோன்றியது. துடைத்த முகத்தோடு போய்த் தொட்டிலில் குனிந்தேன். அவள் கன்னத்தில் தேடினாள், இல்லை. நெற்றியில் தேடினாள், அங்கும் இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி வந்தாள். என் முகத்தில் மிச்சமிருந்த கறுப்பு இரண்டே இரண்டுதான். என் கண்ணில் வந்து நின்றாள். நின்று, பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தாள்.

"ஓம்," என்றேன். "நான்தான்."