கீழ்க்கணக்கில் பாலித்த கரகம்

கருப்பாயி வாயைத் திறந்தால் அடுத்த மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். கொடகவெலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். அவள் பிறந்தது கீழ்க்கணக்கில், ராமச்சந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது மேற்கணக்குக்கு. ஒரே ஓடைதான் மேலேயிருந்து இரண்டையும் தொட்டுக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்துக்கு இறங்கியது. ஆனால் கணக்குக்கு ஒரு மாரியம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு திருவிழா. மேலே ஒரு வெள்ளி என்றால் கீழே அடுத்த வெள்ளி.

திருவிழாவன்று ஓடைக்கரையில் கரகம் பாலிப்பார்கள். பூசாரி செம்பில் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றி, அம்மனை அதில் இறக்கித் தலையில் ஏற்றிக்கொள்ள, தப்பு மேளச் சத்தத்தோடு ஊரே கோயிலுக்கு நடக்கும். அதற்கு முந்தின ஞாயிறு சிரமதானம். பெண்கள் பக்கத்துக்குக் கருப்பாயிதான் தலைவி. யாரும் நியமித்ததில்லை, குரலுக்குக் கிடைத்த பதவி அது.

சிரமதானம் என்றால் என்ன? லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வருடம் முழுக்க எறிந்த சிலிசிலி பிளாஸ்டிக் பைகள், சோறு கட்டிய லஞ்ச் ஷீட்டுகள், ஓட்டை வாளிகள் அத்தனையையும் கம்பால் கிளறி, மண்வெட்டியால் தள்ளித் தண்ணீரோடு அனுப்பிவைப்பது. பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒரு கும்பிடு. கண்ணுக்கெட்டிய வரை பளிச்சென்றிருக்கும். கண்ணுக்கெட்டாத இடத்தில் கீழ்க்கணக்கு இருக்கிறது என்பது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த கருப்பாயிக்கே எட்டவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு சிரமதானத்தில் அவள் கூடுதலாக ஒரு காரியமும் செய்தாள். ராமச்சந்திரன் அறுந்த ரப்பர் செருப்பைச் செம்புக் கம்பியால் முறுக்கி முறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எரிச்சல். ஓடையில் வீசிவிட்டு, "ஒழிஞ்சுது பீடை!" என்றாள்.

மேற்கணக்குத் திருவிழா முடிந்து அடுத்த வெள்ளி கீழ்க்கணக்குத் திருவிழாவுக்குக் கருப்பாயியும் ராமச்சந்திரனும் போயிருந்தார்கள். அங்கே பூசாரி வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சன்னாசி. கரையில் ஊரே கைகூப்பி நிற்க, அவர் செம்பை முக்கி எடுத்தார். செம்பின் கழுத்தில் மாலை போட்டதுபோல் ஒரு ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தது. செம்புக் கம்பியால் வார் கட்டும் வித்தை அந்த வட்டாரத்திலேயே ஒருவனுக்குத்தான் தெரியும். எல்லோரும் ராமச்சந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது கருப்பாயி செய்த பெரிய தப்பு, சிரித்துவிட்டாள்.

"உங்க அம்மாளுக்குக் கழுவுன அழுக்கு எங்க அம்மாளுக்கா?" சன்னாசி செருப்பைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். "இனிமே மேற்கணக்கு மண்ண மிதிச்சா நான் சன்னாசி இல்ல!"

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் விஜயகலாவுக்கு அடுத்த வருடத் திருவிழா முடிந்த கையோடு கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். தாய்மாமன் இல்லாத மணவறையில் எந்த முகத்தோடு நிற்பது? தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினாள், திரும்பி வந்தது. பொங்கலுக்கு நேரிலேயே போனாள். அண்ணன் கதவைச் சாத்தவில்லை, ஆனால் அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை. அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.

வரும் வழியில் பாதையை விட்டு ஓடையோரமாகவே ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் மேற்கணக்கின் குப்பை தேங்கிக் கிடந்தது. அண்ணன் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, வெட்கமாக இருந்தது.

அடுத்த திருவிழாவுக்கான கோயில் கூட்டத்தில் கருப்பாயி எழுந்தாள். "இந்த வருசம் நம்ம கரகத்தக் கீழ்க்கணக்கு எல்லையில பாலிக்கலாங்க."

தலைவர் முறைத்தார். "அங்க எதுக்கு? இங்க தண்ணியா இல்ல?"

"இங்க பாலிச்சா இந்த எடத்த மட்டுந்தான் கூட்டுவோம். அங்கருந்து அம்மா வந்தா, வர்ற வழி பூரா ஓடைய சுத்தம் பண்ணித்தான் ஆகணும். இல்லாட்டி அம்மா குப்பைக்குள்ளயா நடந்து வருவா?"

அம்மன் பெயரைச் சொன்ன பிறகு யார் மறுப்பது? மேற்கணக்குப் பூசாரி தலையாட்டினார். ராமச்சந்திரன் மட்டும், "அண்ணன்காரர சமாதானப்படுத்த ஊரையே ஓடையில எறக்குறா" என்று முணுமுணுத்தான். முதலில் இறங்கியவனும் அவன்தான்.

இம்முறை எதையும் தண்ணீரோடு விடவில்லை. வெறும் உர பேக்குகளில் அள்ளி, தோளில் சுமந்து, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா காட்டிய தரிசில் குழி வெட்டிக் கொட்டினார்கள். தூக்கிய எல்லோரும் கருப்பாயியைத் திட்டினார்கள். அவள் அதைவிடச் சத்தமாக எல்லோரையும் திட்டினாள். ரோட்டு வளைவில் தேநீர்க்கடை வைத்திருந்த சிங்களக்காரர், "நங்கி, என்ட, தே பொமு!" என்று தன் தங்கச்சியைத் தேநீர் குடிக்க அழைப்பதுபோல் கூப்பிட்டு எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார்.

திருவிழாவன்று எல்லையில் கரகம் பாலித்தபோது, அக்கரையில் கைகட்டி நின்ற கூட்டத்தில் சன்னாசியும் இருந்தார். செம்பில் தெளிந்த தண்ணீர் ஏறியது. அவர் திரும்பிப் போய்விட்டார். கரகத்துக்குப் பின்னால் நடந்த கருப்பாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டும் அந்தக் கல் நெஞ்சு கரையவில்லையே!

மறுநாள் காலை வாசலில் யாரோ செருமினார்கள். எட்டிப் பார்த்தால் சன்னாசி, மேற்கணக்கு மண்ணில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு.

"உர பேக்கு மிச்சம் இருக்கா?" என்றார்.

"எதுக்குண்ணே?" அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

அவர் கூரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "வர்ற வெள்ளி நம்ம திருவிழால்ல. கீழ கிராமத்து ஆளுங்க குளிக்கிற எடம் வரைக்கும் அள்ளணும்." அவள் பக்கம் திரும்பினார். "நாங்களும் இத்தன வருசமா அவங்க பக்கந்தான் தள்ளி விட்டோம், தங்கச்சி."

கருப்பாயி சிரித்தாள், அதோடு அழுதும் விட்டாள். அந்தச் சத்தத்துக்குப் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

"மொதல்ல உக்காருங்கண்ணே, தேத்தண்ணி குடிங்க. பேக்க நான் தூக்கிட்டு வாறேன்."

"நீ எதுக்கு?" என்றார் சன்னாசி. "கல்யாண வேல கெடக்குல்ல. பந்தக்கால் என்னைக்கு ஊன்றதுன்னு சொல்லு, நான் முந்தின நாளே வந்துர்றேன்."